உட்காராத சம்பந்திகள்

ஆம்பூர்
சனிக்கிழமை, சாயங்காலம்

அன்பு மகன் சூரியபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை சங்கீதாவும் இங்கே நலம். அடிஸ் அபாபாவில் நீயும் உன் ஷூ கம்பெனியும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். என் கால்களின் நலத்தை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டியதாகிவிட்டது, இத்தனை பக்கம் அதற்காகத்தான். ஃப்ரிட்ஜின் மேல் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன், வரிகள் மலையேறினால் பொறுத்துக்கொள். உன்னோடு வேலை செய்யும் ஃபைஸான் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் கடிதமும் ஒரு டப்பா முறுக்கும் வரும். கடிதத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவன் படிக்கிற பழக்கம் உள்ளவன் அல்ல. முறுக்கைத்தான் வாங்கியவுடன் திறந்து பார்.

சங்கீதாவின் நிச்சயதார்த்தம் தள்ளிப்போய்விட்டது, நாள் சரியாக அமையவில்லை என்று போனில் சொன்னேன் இல்லையா, அது பொய் இல்லை. அந்த நாள் சரியாகத்தான் அமையவில்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்த அவமானத்தைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். என் கால் சமாசாரம் உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வலி இல்லை, மரத்துப்போவதும் இல்லை. எலும்புக்குள் யாரோ அவசரமாகப் புத்தகம் புரட்டுகிற மாதிரி இருக்கும், எழுந்து நாலு எட்டு வைத்தால் மூடி வைப்பார்கள், உட்கார்ந்தால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். கிளை நூலகத்தில் காலமெல்லாம் மற்றவர்களை அசையாமல் உட்காரச் சொல்லிச் சம்பளம் வாங்கியவளுக்கு இது பொருத்தமான நோய்தான். உன் அத்தை திருஷ்டி என்று சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டினாள், கயிறும் சேர்ந்து ஆடியது. இங்கே ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சிவப்பு மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் வயசு என்று சொல்லி ஒன்றும் கொடுக்கவில்லை, இரண்டுக்கும் ஒரே பலன். உன் அப்பா மட்டும், நீ படிச்ச புஸ்தகமெல்லாம் தலையில எடமில்லாம கால்ல எறங்கிடுச்சி என்றார். இதுவரை வந்த விளக்கங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நிச்சயத்துக்கு நாட்றம்பள்ளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை நவீன்குமார் அப்பா இல்லாத பிள்ளை, வளர்த்தது பெரியப்பா முனிரத்தினம். அவர் ஊராட்சித் தலைவராக இருந்தவர், மேடையில் உட்காருவதில் நீண்ட அனுபவம் உள்ளவர், அவர் உட்கார்ந்தால் சிலை திறந்துவைத்த மாதிரி இருக்கும், யாருக்கும் மாலை போடத்தான் தோன்றும். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பத்திரிகை வாசிக்கும்போது பெண்ணைப் பெற்றவளும் பிள்ளை வீட்டுப் பெரியவரும் ஜமக்காளத்தில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார வேண்டும், தட்டு மாற்றுகிற வரை எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் சம்மதமில்லை என்று பொருள். வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லத் தைரியமில்லாதவர்களுக்காக யாரோ ஏற்படுத்திய நாகரிகமான ஏற்பாடு, அவர்கள் என் கால்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆறு மணி. ஐயர் வாசிக்க ஆரம்பித்ததும் என் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது, பிறகு முழங்கால். பெரியவர்கள் முன்னால் காலாட்டுவது நம் ஊரில் கிட்டத்தட்டக் கெட்ட வார்த்தை பேசுவது, அதை நான் ஒரு முன்னாள் தலைவரின் முகத்துக்கு நேரே செய்துகொண்டிருந்தேன். காபியைப் பார்க்கிறேன் என்று ஒருமுறை எழுந்தேன். காஸை அணைத்தேனா என்று இன்னொருமுறை எழுந்தேன். மூன்றாம் முறை எழுந்தபோது சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை, அந்த நேரம் பார்த்து ஐயர், இருவீட்டார் பரிபூரண சம்மதத்துடன் என்று வாசித்தார்.

கூடம் அமைதியாகிவிட்டது. என் நூலகத்தில்கூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. முனிரத்தினம் எழுந்து, "ஏம்மா, இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்கோ. மூஞ்சிக்கு நேரா கால ஆட்டுறது, எழுந்து எழுந்து போறது, இதெல்லாம் இன்னா பழக்கம்?" என்றார். அப்பா, "அப்டியெல்லாம் இல்லீங்க, அவளுக்குக் கால்ல..." என்று ஆரம்பித்தார். "கால்ல இன்னா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வலி என்றால் பொய், வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது. வேன் திரும்பிப் போய்விட்டது, மிஞ்சிய கேசரியைத் தெரு முழுக்கச் சாப்பிட்டது. சங்கீதா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. புடவைகூட மாற்றாமல் வந்து நின்று, "அரை மணி நேரம். எனக்காக. உக்காந்திருக்க முடியலியாம்மா உன்னால?" என்று கேட்டாள். முடியவில்லை என்றேன். அதை அவளால் நம்ப முடியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், உட்கார முடிகிறவர்களுக்கு உட்காருவது ஒரு வேலையாகவே தெரியாது.

ஆனாலும் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது அவள்தான். சாயங்காலம் வரை காத்திருந்தோம். ஒரு நாற்காலி காலியானால் ஊரே ஓடிவந்து கைக்குட்டை போடுகிற இடத்தில், மூன்று நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவற்றுக்கு உரியவர்கள் மூன்று பேரும் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தோம். பேரணாம்பட்டிலிருந்து வந்த அன்வரி பேகம் எதிரே வரும்போதெல்லாம் என் காலைப் பார்த்தார், நான் அவர் காலைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான், "உங்களுக்கும் உள்ளார கீடா நடக்குதாம்மா?" என்று கேட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் அந்தோணி நின்று, "பூச்சியெல்லாம் இல்லீங்க, சோடா பாட்டில்ல கோலி உருள்ற மாதிரி" என்றார். நான் புத்தகத்தைச் சொன்னேன். மூன்று பேரும் அங்கேயே சண்டை போட்டோம், பூச்சியா கோலியா புத்தகமா என்று. சூர்யா, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக என் கால் இருக்கிறதா இல்லையா என்று யாரும் சந்தேகப்படவில்லை, எப்படி இருக்கிறது என்பதில் மட்டும்தான் தகராறு. சங்கீதா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு என்னோடு நடக்க ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா பெயரைச் சொன்னார், ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். ரத்தம் பார்த்ததில் உடம்பில் இரும்புச் சத்தின் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. அதற்கு மாத்திரை, காலுக்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு டீ வேண்டாம், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். ஜலதோஷத்துக்குப் போடும் சில மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும் என்று அன்வரி பேகம் முன்பே எச்சரித்திருந்தார், டாக்டரம்மாவும் ஆமாம் என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வேலூர்க் கோட்டைப் பூங்காவில் கூடுகிறோம். இப்போது வாணியம்பாடி, குடியாத்தம் என்று ஆள் சேர்ந்துவிட்டது, வாட்ஸப் குழுவும் இருக்கிறது. கூட்டம் முழுக்க நடைதான், யாரும் உட்காருவதில்லை, ஆகவே தலைவரும் இல்லை. நாற்காலிக்குச் சண்டை வராத ஒரே சங்கம் தமிழ்நாட்டில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்வரி பேகம் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்க உட்காராமல் லைனைச் சுற்றுகிறார் என்று வருஷா வருஷம் சிறந்த ஊழியர் பரிசு கொடுத்திருக்கிறார்கள். என்ன பரிசு என்று கேட்காதே. நாற்காலி.

ஆனால் பெயர் தெரிந்துவிட்டதால் கல்யாணம் நடந்துவிடுமா. முனிரத்தினம் போனை எடுக்கவில்லை. நவீன்குமார் மட்டும் பேசினான், பெரியப்பா மனசு மாறாம நான் எதுவும் செய்ய மாட்டேன் அத்தை என்றான். நல்ல பிள்ளைகளால் வருகிற தொல்லை இது. கோட்டையில் நடந்தபடி இதைச் சொன்னேன். அன்வரி பேகம், "நாம மூணு பேரும் நேரா போலாம் வாங்கம்மா. ஒருத்தர் சொன்னா பொய்யுன்னுவாங்கோ, மூணு பேர் சொன்னா பேஜாராயி நம்பிடுவாங்கோ" என்றார். போனோம். நாட்றம்பள்ளி வரை பாதி காலியான பஸ்ஸில் மூன்று பேரும் நின்றுகொண்டே போனோம், கண்டக்டர், "சீட்டெல்லாம் காலியா கீதே, இன்னா, வேண்டுதலா?" என்றான். அந்தோணி, தொழில்முறை மரியாதையோடு, ஆமாம் என்றார். போனவுடன் இரண்டு நிமிஷமாவது எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேசி வைத்துக்கொண்டோம். போய்ச் சேர்ந்ததோ பொழுது சாய்கிற நேரம். முனிரத்தினம் தன் மர நாற்காலியில் சிலையாக இருந்தார். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டி உக்காருங்க என்றார். நான் பாதி உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அன்வரி பேகம் நாற்காலியைத் தொட்டதோடு சரி, அந்தோணி அதன் பக்கமே போகவில்லை. முனிரத்தினத்தின் முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்கு ஒருத்தரா எழுந்து போனீங்கோ, இன்னிக்கு ஆள் சேத்துகினு வந்து என் வூட்லயே உக்கார மாட்டேன்றீங்களா?" என்றார். சமாதானம் பேசப்போய் அவமானத்தை மூன்று மடங்காக்கிய பெருமை எங்களுக்கு.

அந்தோணி, கூட்டமான பஸ்ஸில் பின்பக்கம் வரை கேட்கிற குரலில், கோலி உருளுவதைச் சொன்னார். அன்வரி பேகம் கீடாவைச் சொன்னார். நான் புத்தகத்தைச் சொல்லி, டாக்டர் சொன்ன பெயரையும் சொல்லி, "அன்னிக்குக் கால்ல இன்னான்னு கேட்டீங்களே, இதாங்க" என்றேன். முனிரத்தினம் குரலை இறக்கி, "உக்காந்தா மட்டும்தான் உருளுமா? நடந்தா நின்னுடுமா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தோம், அவர் வேட்டிக் கரை காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் ஒரு கை தொடையை விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தது. அன்வரி பேகம்தான் பக்கத்தில் போய், "எழுந்துருங்கண்ணா. இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றார். அவர் எழுந்தார், வாசல் வரை போய் வந்தார், மறுபடி போய் வந்தார். "சின்ன வயசுலருந்து பல்லக் கடிச்சிகினு உக்காந்துகினு இருக்கேம்மா. அன்னிக்கு நீங்கோ பாட்டுக்கு எழுந்து போய்ட்டீங்கோ. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். எழுந்துருக்கலாம்னு எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்றார். அதற்குள் அவர் சம்சாரம் உள்ளிருந்து வந்தார். "ராவெல்லாம் இந்தாளு ஊரச் சுத்துவாரும்மா. காவல் காக்குறாருன்னு ஊர்க்காரங்க ரெண்டு தபா ஓட்டு போட்டு ஜெயிக்க வெச்சாங்க. நாந்தான் வேற மாதிரி நெனச்சிகினு இவ்ளோ வருசமா சண்ட போட்டுகினு இருந்தேன்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், முனிரத்தினம்தான் அதிகமாகச் சிரித்தார், நடந்துகொண்டே.

போன புதன்கிழமை நிச்சயம் முடிந்தது. காலையில் வைத்துக்கொண்டோம், காலையில் கால்கள் நல்ல பிள்ளைகள். ஆனாலும் எதற்கு வம்பு என்று முனிரத்தினமே ஒரு முடிவு எடுத்தார். ஐயர் நடுவில் உட்கார்ந்து வாசித்தார், நானும் சம்பந்தியும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி நடந்தோம். வாழ்நாளெல்லாம் சாமியைச் சுற்றியவரை அன்று சம்பந்திகள் சுற்றினார்கள், அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இருவீட்டார் சம்மதம் என்ற இடத்தில் பழைய ஞாபகத்தில் அவர் குரல் தயங்கியது, "நிறுத்தாதீங்க சாமி, படிங்க" என்று முனிரத்தினம் அதட்டினார். நடந்தபடியே தட்டு மாற்றிக்கொண்டோம், ஒரு வெற்றிலைகூடக் கீழே விழவில்லை. சங்கீதா சிரித்துக்கொண்டே அழுதாள், இந்த முறை அழுதாள். அன்வரி பேகமும் அந்தோணியும் பின்வரிசையில் நின்றார்கள், அவர்களைப் பார்த்து மரியாதைக்காகப் பின்வரிசை முழுக்க எழுந்து நின்றது. நாட்றம்பள்ளி உறவினர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொள்கிற முகத்தோடு வந்து, எத்தனை சுத்து சுத்தணும் என்று கேட்டார். மூணு என்று முனிரத்தினம் யோசிக்காமல் சொன்னார். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு நிச்சயத்தில் சுற்றப்போகிறார்களாம். இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது ஏன் என்று கேட்டால், பெரியவங்க காரணமில்லாம சொல்லி வெச்சிருக்க மாட்டாங்க என்பார்கள். முதன்முறையாக அது உண்மையாகவும் இருக்கும்.

என் கால் முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு கலைக்களஞ்சியம், இப்போது சிறுகதை அளவுக்குத்தான் புரட்டுகிறார்கள். சம்பந்தியும் வேலூரில் காட்டிவிட்டு எங்கள் குழுவில் சேர்ந்துவிட்டார், தினமும் விடியற்காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறார், எந்த வெற்றிக்கும் ஏதாவது ஒரு விலை உண்டு. கல்யாணம் ஆவணியில், தேதியை ஃபைஸானிடம் பத்திரிகையாகவே கொடுத்திருக்கிறேன், இப்போதே லீவு சொல்லிவிடு. தங்கைக்கு நகை நட்டு என்று எதையும் சுமந்து வராதே, நீ வந்தால் போதும். அங்கே குளிர் என்று காபியாகக் குடிக்காதே, அந்த ஊர்க் காபி நல்ல காபி என்று தெரிந்துதான் சொல்கிறேன். நீயும் உன் தங்கையும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வயசு வாழ வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் ஃப்ரிட்ஜ் முன்னால் இவ்வளவு நேரம் நிற்கிறேன். இது குடும்பத்தில் தொடர்ந்து வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்னதும் எனக்கு உன் போன்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் குரலுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும், போகும், வரும். சிக்னல் கிடைக்கலம்மா, அதான் நடக்குறேன் என்பாய். எனக்குச் சத்தம் தெளிவாகத்தான் கேட்கும். போன தடவை வந்தபோது ஏன் மூன்று நாளில் திரும்பிப் போனாய், ஏன் விருந்துக்கெல்லாம் வர மாட்டேன் என்றாய் என்று அப்பா இன்னும் வருத்தப்படுகிறார், நான் இப்போது வருத்தப்படவில்லை. நீயாக மாத்திரை வாங்கித் தின்னாமல், அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து இரும்புச் சத்துச் சேமிப்பை அளக்கச் சொல். விமானத்தில் ஜன்னலோரம் வேண்டாம், நடைவழி ஓரமாக சீட் கேட்டு வாங்கு. யாராவது முறைத்தால் முறைக்கட்டும். வீட்டுக்கு வா, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு. வந்ததும் உட்காரு என்று உன்னை யாரும் சொல்ல மாட்டோம்.

என்றும் உன் நலம் கோரும்
அம்மா ஜோதி

முறுக்கை எண்ணிப் பார்த்து எழுது.