கொட்டாஞ்சேனை இத்தாலிய வகுப்பும் உமது தம்பியின் மூக்கும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

பலெர்மோ நகரில் ஒரு கிழவிக்கும் அவருடைய பூனைக்கும் பணிவிடை செய்துகொண்டிருக்கும் என் அன்பு மனைவி ஜெகதீஸ்வரிக்கு,

நான் நலம். முன்பல் ஒன்று இல்லை, வலது கட்டைவிரல் கத்தரிக்காய் போல வீங்கியிருக்கிறது, மற்றப்படி நலம். நீரும் அப்படியே, ஆனால் பற்களோடு, இருக்க வேண்டும்.

உமது தம்பி றமேஷின் மூக்கை நான் உடைத்த செய்தி இதற்குள் உமக்கு வந்திருக்கும். அத்தான் வெறியில் நின்று அடித்தார் என்று அவன் சொல்லியிருப்பான். உடைத்தது உண்மை. வெறி பொய். அன்று நான் குடித்தது வகுப்பில் தந்த இஞ்சித் தேத்தண்ணி மட்டும்தான். இதைத் தொலைபேசியில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். தம்பியின் பெயரைச் சொன்னவுடன் நீர் வெட்டிவிட்டீர். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானால் முழுக்க வாசித்துவிட்டுக் கிழியும். எங்கள் வகுப்பில் படிக்கும் அனுஜன் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். றமேஷ் விமானம் ஏறுவதற்கு முன் இது உமது கைக்கு வந்துவிட வேண்டும். ஏனென்றால், தன்னோடு பெண்சாதி உஷாந்தியையும் ஏற்றிக்கொண்டு போகப்போவதாக அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அவளோ செத்தாலும் அவனோடு ஏறமாட்டேன் என்கிறாள். இதுதான் விஷயம். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வகுப்புக்கு என்னை அனுப்பியது நீர். வரும்போது நாலு வார்த்தையாவது கதைக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கிழவியின் பூனையோடுதான் கதைக்க வேண்டிவரும் என்று சொன்னீர். நாள் முழுக்கத் துணி வெட்டிவிட்டு, ஐம்பது தாண்டிய வயிற்றையும் தூக்கிக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இரும்புச் சாமான் கடை ஒன்றுக்கு மேலே மாடியில் வகுப்பு. படி நெடுகக் குழாயும் பெயின்ற் வாளியும். படிப்பிக்கிற தாரிகா மிஸ் நேப்பிள்ஸில் பதினெட்டு வருடம் கிழடுகளைக் குளிப்பாட்டியவர். எங்களையும் அதே மாதிரித்தான் பிடித்து அமுக்கித் தேய்க்கிறார்.

அவருடைய முறை இது. பிஸ்கட் டின் ஒன்றுக்குள் வினைச்சொற்களை எழுதிச் சுருட்டிப் போட்டிருக்கிறார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒரு கிழமை அந்தச் சொல்லோடு குடும்பம் நடத்திவிட்டு, சனிக்கிழமை எழும்பி நின்று நான், நீ, அவன் என்று தொடங்கி இன்று, நேற்று, முந்தி, நாளைக்கு என்று எல்லாக் காலத்திலும் அதைப் புரட்டி எடுக்க வேண்டும். காலம் முடிந்தால் இத்தாலியனுக்கு இன்னும் இருக்கிறது. உறுதியாகச் சொல்வதற்கு ஒரு வடிவம், சந்தேகப்படுவதற்கு ஒன்று, நிபந்தனை போடுவதற்கு ஒன்று, அதட்டுவதற்கு ஒன்று. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் வாங்குப் பலகையில் அடித்துத் தாளம் போட வேண்டும். பிழைத்தால் மிஸ்ஸின் அடிமட்டம் மேசையில் இறங்கும். அந்தச் சத்தத்துக்கே எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

எனக்கு விழுந்த சொல் தூங்குவது. தோர்மோ, தோர்மி, தோர்மே. வகுப்பே சிரித்தது. பக்கத்து வாங்கிலிருந்து உஷாந்தி, “அண்ணா, நீங்கள் இதைப் பாடமாக்கவே தேவையில்லை, செய்து காட்டினாலே மிஸ் புள்ளி போடுவா” என்றாள். அவளுக்கு வாய் அப்படி. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இருந்த வாய். மாமியின் வீட்டில் அதைப் பூட்டி வைத்துவிட்டு, வகுப்புக்கு மட்டும் கொண்டு வருவாள்.

அதட்டுகிற வடிவம்தான் எங்கள் பெண்களுக்கு வராத பாடம். “போ” என்று சொல்லச் சொன்னால், “கொஞ்சம் போறீங்களோ” என்கிற குரலில் இழுப்பார்கள். மிஸ் தலையில் கைவைத்து, “நீங்கள் அதட்டேல்லை, பிச்சை கேக்கிறியள்” என்று கத்துவார்.

போன மாதக் கடைசியில் றமேஷ் பலெர்மோவிலிருந்து லீவில் வந்தான். அவன் வந்த கிழமையில் உஷாந்தி எடுத்த சொல் பிக்கியாரே. அடிப்பது. டின் செய்த வேலை, யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. அவள் சுருளைப் பிரித்து வாசித்துவிட்டு, வேறொன்று எடுக்கட்டோ என்று கேட்டாள். மிஸ் விடவில்லை. விழுந்த சொல்லை மாற்றுகிற வழக்கம் அங்கே இல்லை.

சனிக்கிழமை கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வேர்த்து ஊற்றுகிற வெயில். எழும்பி நின்றாள். நான் அடிக்கிறேன் என்றுதான் தொடங்க வேண்டும். அவள் அந்த “நான்” பக்கமே போகவில்லை. நேரே “லூயி மி பிக்கியா” என்றாள். அவன் என்னை அடிக்கிறான். மிஸ் அடிமட்டத்தைத் தூக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, மெல்லக் கீழே வைத்தார். நாங்கள் வாங்கில் தட்டினோம். அவன் என்னை அடித்தான். தட்டினோம். அவன் என்னை அடித்துக்கொண்டிருந்தான். தட்டினோம். அவன் என்னை அடிப்பான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. தட்டுகிற கைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நிபந்தனை வடிவம் வந்ததும் மிஸ் மெதுவாக, “என்ன நடந்தால் அடிப்பான் எண்டும் சேர்த்துச் சொல்லும் பிள்ளை” என்றார். உஷாந்தி தமிழில், “மிஸ், அதுக்கு ஒண்டும் நடக்கத் தேவையில்லை” என்றாள். கல்லு மாதிரி இருந்த வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்க முன் றமேஷ் வாசலில் நின்றான். அவளைக் கூட்டிப்போக வந்தவன் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். எங்களுக்கெல்லாம் அது பாடம். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்து மொழி தெரிந்தவனுக்கு அது வாக்குமூலம். “பொலிசுக்குச் சொல்லப் பழக்கிறியளோடி? பலெர்மோவிலை என்னை உள்ளுக்குப் போட வகுப்போ நடத்திறியள்?” என்று கத்திக்கொண்டு, கையிலிருந்த ஹெல்மெட்டால் அவளுடைய காதைப் பொத்தி அடித்தான். தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம். அவள் விழவில்லை, வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அடிக்கு விழுந்தாள். விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். தலைமயிரைச் சுற்றிப் பிடித்துப் படிவரைக்கும் இழுத்தான். சால்வை கழன்றது. கழுத்தில் விரல் பதிந்த தடம், பழையதும் புதியதுமாக.

உமது புருஷன் அந்த நேரம் என்ன செய்தான் என்று கேட்பீர். வாங்குக்குக் கீழே பாதி இறங்கிவிட்டேன். பிறகு வயிறு மாட்டிக்கொண்டது. அதனால் வெளியே வர வேண்டியதாயிற்று. வந்து, “மச்சான், ஆக்கள் பாக்கினம்” என்றேன். அவ்வளவு வீரம். அதற்குத்தான் முன்பல் போனது.

வாயில் இரத்தத்தைக் கண்டதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஜெகா. படியில் கிடந்த குழாய் ஒன்றை எடுத்துச் சுழற்றினேன். முதல் அடி என் கட்டைவிரலில். இரண்டாவது மிஸ்ஸின் மேசையில். மூன்றாவதுதான் மூக்கில். எலும்பு நொறுங்கியதை என் கையே கேட்டது. அதோடு நான் நின்றேன் என்று எழுதினால் அது பொய்யாகும். அவன் குனிந்த பிறகும் முதுகில் இரண்டு போட்டேன். அந்த இரண்டும் எனக்கு இனித்தது. அதை நினைக்கத்தான் இப்போது நித்திரை வருவதில்லை.

அவன் இரத்தத்தோடு திரும்பவும் அவளை நோக்கிக் குனிந்தபோது, எங்கள் பெண்கள் எல்லாரும் ஒன்றாக எழும்பினார்கள். “வாத்தெனே!” போடா வெளியே. பிச்சைக் குரல் இல்லை. முதல் வாங்கு றோஸி அக்கா நடுங்கிக்கொண்டே கத்தினார், மிஸ் கத்தினார், சாமான் கடைக்காரன் மேலே ஓடிவந்து அவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கினான். றமேஷும் இறங்கினான்.

இதில் ஒரு விசித்திரம் பாரும். பொலிசுக்குச் சொல்லலாம் என்று அன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உஷாந்திக்கும் தோன்றவில்லை. பயத்தில் அவனே வழி காட்டிவிட்டுப் போனான். திங்கட்கிழமை போய் இங்கே முறைப்பாடு எழுதிவிட்டு வந்தாள்.

இப்போது அவள் எங்கள் வீட்டில். நம் அறையை அவளுக்கு விட்டுவிட்டு நான் ஹோலில் கடிக்கிற நுளம்புகளோடு குடித்தனம். மாமி இரண்டு தரம் வந்தார். பிளற்ஸ் கேற்றடியில் நின்று, காவல்காரன் முதல் நாலாம் மாடி வரை கேட்க, “புருஷன் அடியாமல் ரோட்டிலை போறவனோ அடிப்பான்? மருமோன் எண்டு பாத்தால் மூக்கை உடைச்சுப்போட்டு நிக்கிறார்” என்று வைதார். அவளுடைய பாஸ்போர்ட்டும் நகையும் மாமியின் அலமாரிக்குள். பாஸ்போர்ட் அங்கே இருக்கும்வரை அவன் தன்னை இழுத்துக்கொண்டு போய் ஏற்றிவிடுவான் என்று அவள் பயப்படுகிறாள். தரச் சொல்லிக் கேட்டேன். “மூத்தவள் சொல்லட்டும், தாறன். அவள்தானே அங்கை வீடெடுத்துத் தம்பியையும் வைச்சிருக்கிறாள்” என்றார். அவர் இந்த உலகத்தில் பயப்படுவது உமக்கு மட்டும்தான் என்பது உமக்கும் தெரியும்.

களுபோவில ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டதாம், அந்தப் பக்கம் இனிச் சரியாகக் கேளாதாம். எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். முறைப்பாடே எழுதிக் கொடுத்தவள், என்னைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், “படியிலை விழுந்திட்டன்” என்றாள்.

ஜெகா, கலியாணம் முடித்த புதிதில், நான் உமது இடப்பக்கம் படுத்து என்ன கதைத்தாலும் நீர் திரும்பிப் படுத்துத்தான் பதில் சொல்வீர். காதுக்கு என்ன என்று கேட்டபோது, சின்னப் பிள்ளையில் வீட்டுப் படியில் விழுந்தேன் என்றீர். உங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் படி இல்லை. வாசலில்கூட ஒன்று இல்லை, மழை பெய்தால் றோட்டுத் தண்ணி நேரே குசினிக்கு வருகிற வீடு. உமது அப்பாவுக்குப் பெரிய கை என்று மாமி இப்போதும் பெருமையாகச் சொல்வார். தம்பிக்கும் அந்தக் கைதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீர் ஒன்றும் சொல்லவும் வேண்டாம். மாமிக்கு மட்டும் ஒரு தரம் தொலைபேசி எடும். எடுத்து, அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொல்லும். எங்கள் பெண்கள் அன்று கத்தின மாதிரிச் சொல்ல வேண்டாம், உமது வழக்கமான குரலே போதும். நல்லூர் முருகன் உமக்கு அந்த ஒரு நிமிடத்துக்குத் துணை நிற்கட்டும்.

உமது சொல்லுக்குக் காத்திருக்கும்,
நாகேந்திரம்