கீழே படுத்திருப்பவன்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தோற்றேன். வழக்கம்போலப் பதினோராவது நிமிடத்தில், மல்லாந்து.

வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கியவன், மல்யுத்த மேடையில் ‘புரொபசர்’ என்ற வில்லனாகக் கண்ணாடியும் தடித்த புத்தகமுமாக ஏறி, அந்தப் புத்தகத்தாலேயே அடிவாங்குகிறேன். பிறகு நடு மேடையில் மயங்கிக் கிடக்கவேண்டும். ‘பருந்து’ என்ற நாயகன் மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி, காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு என் மேல் விழுவான். ஒன்பது வருடமாக அவன்தான் சாம்பியன். நான் நசுங்கிவிட்டேன் என்று கூட்டம் குதிக்கும். உண்மையில் அவன் கழுத்து முறியாமல் கைகளாலும் தொடைகளாலும் வாங்கிக்கொள்கிறவன் நான். பறப்பவனுக்குச் சாம்பியன் பெல்ட், பிடிப்பவனுக்குத் தைலம்.

வார இதழில் அவன் பேட்டி. அம்மாவுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி, பூட்ஸ் தைப்பவருக்கும் நன்றி. மூன்று முறை படித்தேன். ஒரு வரி அச்சில் விடுபட்டிருக்குமோ?

மார்ச் 4

நான்காவது முறையும் படித்தேன். விடுபடவில்லை.

மார்ச் 9

முதலாளி கூப்பிட்டனுப்பினார். “சார், உங்க தோள் சரியில்ல. ஞாயித்துக்கிழமை சாம்பியன் போட்டியில உங்களுக்குப் பதிலா நம்ம புல்டோசர் பய படுத்துக்கட்டும்.”

“அவனுக்குப் பழக்கமில்லையே.”

“படுக்கறதுக்கு என்ன சார் பழக்கம்?”

பருந்து பக்கத்திலேயே பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நீளமா அந்தக் கயிறு?

மார்ச் 12

மனைவியிடம் சொன்னேன். “தோக்கறதுக்குக்கூட வேற ஆள் போட்டுட்டாங்களா?” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி விடுங்க, தோளுக்காவது ஓய்வு” என்றாள். நன்றாகச் சிரித்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

போகவே கூடாது என்றிருந்தேன். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் என்னை ஒருவருக்கும் தெரியாது.

அவன் விழுந்தால் விழட்டும் என்றுதான் போனேன். எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துத் திருத்தப்போவதில்லை.

புல்டோசர் படுத்தான். பருந்து உச்சியில் ஏறினான். கீழே பார்த்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். என் கைகள் மடியைவிட்டுத் தாமாக எழும்பியிருந்தன — யாரைப் பிடிக்க? முப்பதடி தள்ளி உட்கார்ந்துகொண்டு? பிறகு அவன், பரணிலிருந்து அண்டா இறக்குகிறவனைப்போல ஒவ்வொரு காலாக வைத்து, இறங்கியே விட்டான்.

“பயந்தாங்கொள்ளி!” என்று பக்கத்து இருக்கைக்காரர் ஊளையிட்டார்.

“யோவ், ஏறிப் பாத்திருக்கியா நீ? உனக்கென்னய்யா தெரியும்?”

நான்! அவனுக்காக! சட்டையைப் பிடித்துவிட்டேன். காவலாளிகள் என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். முன்கூட்டிப் பேசிவைக்காமல் நான் போட்ட ஒரே சண்டை. அதிலும் தோல்வி.

மார்ச் 17

பருந்து வீட்டுக்கு வந்தான். பெல்ட்டை வாங்கிக்கொண்டார்களாம். குதிக்காத பருந்து கோழிதான் என்றாராம் முதலாளி.

“புல்டோசர் கண்ண இறுக்கி மூடிட்டுப் படுத்திருந்தான்ணே. நீங்கன்னா பாத்துட்டே இருப்பீங்க.”

“இத பேட்டியில சொல்றதுக்கென்னடா?”

“எப்படிண்ணே? நீங்க பிடிக்கறீங்கன்னு சொல்லிட்டா, நான் உங்கள நசுக்கறேன்னு எவன் நம்புவான்?”

பேரரசுகள் ஏன் விழுந்தன என்று நூறு பக்கம் எழுதியவன் நான். இது மட்டும் புத்தியில் ஏறவில்லை.

“சரி, முதலாளிகிட்ட அன்னிக்கு ஏன் வாயத் திறக்கல?”

“உங்க தோளு நெஜமாவே சரியில்லையேண்ணே.”

கோபப்பட ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, படுபாவி. இத்தனை வருடம் வளர்த்த கோபம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சின்ன அரங்கம், மதியக் காட்சி. பெல்ட் கிடையாது. நாற்பது பேர் இருந்தால் அதிகம். நான் படுத்தேன், அவன் குதித்தான். இரண்டு கரணம், சுத்தமாக.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையதுபோல் இருக்கிறது. வலது தோளில் கட்டு, ஆறு வாரம். “இனிமே உங்க மேல யாரும் விழக்கூடாது” என்றார் மருத்துவர். “கொஞ்சம் நகர்ந்து படுத்திருக்கலாமே?” என்றும் கேட்டார். படித்த மனிதர்.

பருந்தின் கழுத்து, முழங்கை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.