குத்தின பக்கமாகப் புரட்டிப் போட்டவள்

8-8-94, திங்கள்

ஐந்து மாதமாக இருமல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிகிறது. நாளை டாக்டர் சம்பத்குமார் விலாவில் ஊசி விட்டுத் துணுக்குச் சதை எடுக்கப்போகிறார். புற்றா, காசமா என்று அதில்தான் தெரியுமாம். என் வீட்டுக்காரி கிரேசி ஜெபமாலை உருட்டியபடியே என்னை முறைக்கிறாள், பீடியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பதுபோல.

10-8-94

உயிரோடு இருக்கிறேன். மாதாவுக்குத் தோத்திரம்.

நேற்று ஊசி போடும்போது, "மூச்சைப் பிடிங்க" என்றார் டாக்டர். முப்பது வருஷம் சங்கு குளித்தவனிடம்! ஜோராகப் பிடித்தேன். வார்டுக்கு வந்து மல்லாக்கப் படுத்ததும் தொண்டையில் சூடாக ஏறியது. ரத்தம். விழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். தோணியில் அப்படித்தான். முங்கி எழுந்தவன் வாயில் ரத்தம் என்று தெரிந்தால், தோணி முதலாளி சம்மாட்டி அன்றைக்கு யாரையும் கடலில் இறங்க விடமாட்டார். கூலி போய்விடுமே என்று எவனும் வாயைத் திறப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு எந்தச் சம்மாட்டி? மடப்பயல் நான்!

நாடி பார்க்க வந்த நர்ஸ் ஞானதீபம், நாசரேத்து ஊர்ப் பிள்ளை, என் பல்லில் சிவப்பைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, வாயத் தொறங்க. எவ்வளவு நேரமா முழுங்குதிய?"

பதில் சொல்வதற்குள் குபுக்கென்று ஒரு டம்ளர் வந்தது. ஒரே தள்ளில் என்னை வலப்பக்கமாகப் புரட்டி அழுத்திப் பிடித்தாள்.

"ஏளா, குத்தின பக்கம்லா அது! மாத்திப் போடு!" என்று அலறினாள் கிரேசி.

"அந்தப் பக்கந்தாம்க்கா கீழ இருக்கணும். ரத்தம் நல்ல பக்கத்துக்குப் போச்சுன்னா மூச்சு நின்னுரும்."

டாக்டர் ஓடி வந்தார். ஆக்சிஜன், இரண்டு கையிலும் ஊசி. மச்சினன் பர்னபாஸ் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான். ஆறு வருஷமாக என்னோடு பேசாதவன். கொடுத்துவிட்டும் பேசாமல்தான் போனான். அவன் நல்லா இருக்கட்டும்.

12-8-94

ரத்தம் நின்றுவிட்டது. துப்புவதையெல்லாம் கிண்ணத்தில் பிடித்து அளக்கிறாள் ஞானதீபம். என் மகள் வயசுதான் இருக்கும். கையெடுத்துக் கும்பிட்டேன். "கும்பிடெல்லாம் வேண்டாம். முழுங்காம இருந்தாப் போதும்" என்கிறாள்.

19-8-94

காசம்தான். புற்று இல்லை! மாத்திரை விழுங்கினால் சரியாகுமாம். கிரேசி அழுகிறாள். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை, விலா வலிக்கிறது.

3-9-94, வீட்டில்

காலையில் பல் தேய்த்துத் துப்பியபோது நூலளவு சிவப்பு. வாய் தானாக மூடிக்கொண்டது. பிறகு, "கிரேசி, இங்கன வா, ரத்தம்" என்று கூப்பிட்டேன்.

உலையை அப்படியே விட்டு ஓடிவந்தாள். ஈறைத் தூக்கிப் பார்த்தாள். "பல்லுலதான் வருது. ஆனாலும் வாங்க, அந்த நர்ஸ் பிள்ளைகிட்ட ஒரு எட்டு காட்டிருவோம்" என்று சேலை மாற்றப் போனாள். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இன்னும் தலை சீவி முடிக்கவில்லை.