உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங்டி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

இரண்டு வருடத்துக்கு முன் சுண்டு மாடிப்படியில் விழுந்து நெற்றியில் ஏழு தையல் போட்டார்களே, அப்போது "கட்டோட என்னை ஒரு படம் எடும்மா" என்று அடம்பிடித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து எடுத்தேன். என் ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் போட்டபோது நீகூட இதயம் போட்டாய். அந்தப் படத்தை யாரோ எடுத்து, "இந்தப் பிஞ்சு நேற்று இறந்துவிட்டது, கண்ணீரோடு பகிருங்கள்" என்று போட்டிருக்கிறான். நாற்பதாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் சுண்டுவின் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களும் உண்டு. இப்போது அவள் பெயர் பேய். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நேற்று தலைபின்னும்போது கேட்கிறாள்: "அம்மா, நான் செத்துட்டு வந்தேனா? எனக்குத்தான் ஞாபகம் இல்லையா?"

போலீஸ் ஸ்டேஷனில், "பொண்ணு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்னம்மா?" என்றார்கள். படம் என்னுடையது என்று உரிய அரசுத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் எடுத்துவிடுகிறோம் என்கிறது அந்த இணையக் கம்பெனி. பதிப்புரிமை உன் துறைதானே அக்கா? ஒரே ஒரு கடிதம்.

உன்
குட்டி

ஜூன் 17

என் செல்லக் குட்டிக்கு,

படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பெரியம்மா கட்டிப்பிடித்துக்கொண்டதாக அவளிடம் சொல்.

பதிப்புரிமை எங்களுடையதுதான். ஆனால் இணையத்தில் நடப்பது யாருடையது என்று எங்களுக்கும் தகவல்தொடர்புத் துறைக்கும் எட்டு மாதமாக இழுபறி. அவர்கள் மூன்றாம் மாடி, நாங்கள் நான்காம் மாடி. ஃபைல் மட்டும் லிஃப்டில் ஏறி இறங்குகிறது. விதி எழுதும் அதிகாரம் இரண்டு பேருக்கும் வேண்டும், மனு யாருக்கும் வேண்டாம். விதி நாங்கள் எழுதுவோம், மனுவை அவர்கள் வாங்கட்டும் என்பது எங்கள் வாதம். அந்தக் குறிப்பை எழுதுவது நான்தான். "உன் கை பட்டாத்தாம்மா ஃபைல் பேசுது" என்கிறார் இயக்குநர்.

நீ எங்களுக்கே மனு போடு. அசல் படத்தை இணை. என் தங்கை என்று மட்டும் எங்கும் எழுதாதே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

பதில் வந்துவிட்டது. ஒரே வரி. "மனுவின் பொருள் இத்துறையின் வரம்புக்குள் வராததால் உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது." கீழே உன் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு. பள்ளிக்கூட நாளில் என் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுத் தருவாயே, அன்றைக்கும் இந்த இரண்டு கோட்டால்தான் மாட்டிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டுக்கட்டாக வரும், படிக்காமலே போட்டுத் தள்ளுவோம் என்று நீயே சிரித்துச் சொல்லியிருக்கிறாய். அப்படித்தான் ஆகியிருக்கும். அப்படித்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

நடுவில் கொஞ்ச நாள் மாட்டேன் என்றிருந்த சுண்டு திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள். பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்றால் வகுப்பே சிரிக்கிறதாம்.

குட்டி

ஜூலை 31

குட்டிக்கு,

உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. படித்தேன். இரண்டு தடவை. அந்தப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒரு மனுவை நாங்கள் எடுத்துக்கொண்டால், "அப்போ இது உங்க வேலைதானே" என்று மூன்றாம் மாடி பிடித்துக்கொள்ளும். இத்தனை மாத உழைப்பு போய்விடும். நாளைக்கு லட்சம் மனு வரும். என்னிடம் இருப்பது ஆறு பேர். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் உனக்கே புரியும். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. அதற்காகச் செய்யவில்லை. ஆனால் அது நினைவிலேயே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் மாடியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சொல்லிவைக்கிறேன். லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. சிவப்பு சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கோபத்தைப் பிள்ளையிடம் காட்டாதே.

அக்கா

ஆகஸ்ட் 28

அம்மையீர்,

படம் இணையத்திலிருந்து போய்விட்டது. யாரும் சொல்லி எடுக்கவில்லை. அதைப் போட்டவனுக்கே அலுத்துவிட்டது போல. நேற்று பார்த்தேன். அதே வாசகம், வேறொரு குழந்தை. மூக்கில் குழாய், கையில் பொம்மை. பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ ஆசையாக எடுத்த படம். எனக்குத் தொழிலே அதுதான், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சுண்டுவை வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறேன். விண்ணப்பத்துக்குப் புகைப்படம் கேட்டார்கள். கேமராவைத் தூக்கினாலே முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் எடுப்பவள், என் மகளுக்குப் பழைய படத்தை ஒட்டிக்கொடுத்தேன்.

உங்களுக்குத் தெரிந்தவர் பதில் அனுப்பியிருக்கிறார். என் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். துறை என்ற இடத்தில் உங்கள் துறையின் பெயர் இருக்கிறது. மறுபடி உங்கள் மேசைக்குத்தான் வரும்.

கூடவே அந்த இன்னொரு அம்மாவுடைய மனுவும் வரலாம். அவள் உங்கள் தங்கை இல்லை. இரண்டு தடவை படிக்கவேண்டியிருக்காது.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்