கேலரிக்காரர்கள் ரோஸ்லினைக் கேட்கிறார்கள்

சூசையப்பர் துணை

மரக்காணம்
ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பு மகன் ரெக்ஸுக்கு அப்பா சேவியர்ராஜ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ரோஸ்லினும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஷார்ஜா வெயிலில் நீயும் அப்படியே இருக்க தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபமாலையை முடிக்கிறோம். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் ரோஸ்லின் கையில்தான் இருக்கிறது, பேசினால் அவள் காதில் விழும், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் எனக்கு டைப் பண்ணிக் கொடுக்கிறவளே அவள்தான். லீவு முடிந்து திரும்புகிற டோமினிக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டி மேலே டேப்பும் போட்டிருக்கிறேன், பிரிந்திருந்தால் அவனைக் கேள்.

விஷயம் என்னவென்றால் பொம்மையார்பாளையம் பக்கம் ரோட்டோரமாக ஒரு கேலரி திறந்திருக்கிறார்கள், படமும் சிலையும் வைத்துக் காட்டுகிற இடம். வருகிறவனுக்குக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் நமக்கென்ன, அவர்கள் ஊருக்குள் வருகிறார்கள். பொங்கல் கழிந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் வேன் நம் கோயில் மண்டபத்தில் வந்து நிற்கிறது. உப்பளத்து ஆட்கள், பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வரலாமாம். பேப்பர் கொடுக்கிறார்கள், கலர் கொடுக்கிறார்கள், டீயும் வடையும் கொடுக்கிறார்கள், திரும்ப ஒன்றும் கேட்பதில்லை. இந்தக் காலத்தில் யாரப்பா சும்மா கொடுக்கிறான்? ஃபாதரைக் கேட்டேன், மண்டபத்தைக் கூட்டிச் சுத்தமாக விட்டுப் போகிறார்கள் என்றார். அது ஒரு பதிலா. நம் பக்கத்து உப்புப் பாத்திக்காரர் சகாதேவன், "இது எடம் தேடிக்கினு இருக்கிற ரிசார்ட்காரன் வேலைங்க, பசங்கள வுட்டே நம்ம எடத்த படம் போட வச்சி எங்க எது இருக்குதுன்னு தெரிஞ்சிக்கிறான்" என்று அடித்துச் சொல்கிறார். முதலில் சிரித்தேன். பிறகு மண்டபத்துச் சுவரில் பிள்ளைகள் ஒட்டிய படங்களைப் போய்ப் பார்த்தேன், வாய்க்கால், பம்பு ஷெட், லாரி வருகிற வழி எல்லாம் அச்சு அசலாக இருந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

வினோதினி என்று ஒரு மேடம்தான் இதற்கெல்லாம் பொறுப்பு. சென்னைக்காரர், மரியாதையாகத்தான் பேசுகிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் சொல்லித் தருவதில்லை. ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று ஆளாளுக்குக் கேட்கிறார். எதைச் சொன்னாலும் சரி என்கிறார். உப்பளத்துச் சிவஞானம் வம்புக்கென்றே ஒரு பெண்பிள்ளை படத்தைப் பார்த்து "எருமமாடு" என்று சொன்னதற்கும் கோபப்படாமல், எதனால் அப்படித் தோன்றியது என்று கேட்டாராம். தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் போலீஸும் கணக்கெடுக்க வருகிறவர்களும்தான். இதில் தப்பான பதிலே கிடையாது என்று ஒருத்தர் சொன்னால் அங்கேதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இதற்குள் நம் ரோஸ்லின் எப்படிப் போய் மாட்டினாள் என்று கேள். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே, போய் வரட்டும் என்று நான்தான் விட்டேன். கொஞ்ச நாளில் கீழ்புத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் கேலரியைச் சுற்றிக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். இப்போது வேலைக்கே கேட்கிறார்கள். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலாம், அங்கே தங்கிக்கொண்டு கடலோரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய் வர வேண்டுமாம். அப்பா சரியென்றால்தான் போவேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இன்று சாயங்காலம் அந்த மேடம் வீட்டுக்கு வந்து என் பதிலைக் கேட்கப் போகிறார். ஒரு வாரமாக ரோஸ்லின் சோறு போடும்போதெல்லாம் என் வாயையே பார்க்கிறாள், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேரில் போய்ப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது என்று நேற்று கிளம்பினேன். திண்டிவனத்தில் பம்புக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாண்டி பஸ்ஸில் ஏறினேன். கேலரிக்குள்ளே கால் வைத்தால் ஒரே குளிர். நடு ஹாலில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா, உப்பு. ஆள் உயரத்துக்குக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் காட்சியாம், மும்பைக்காரர் ஒருவர் செய்ததாம். பக்கத்தில் உத்தரத்திலிருந்து பெரிய வெள்ளைத் துணி தொங்குகிறது, அதில் நீல மையால் கோடு கோடாக இழுத்திருக்கிறது, அதுவும் அவர் செய்ததுதான். நான் ஒரு கல் உப்பை எடுக்கக் குனிந்தேன், செக்யூரிட்டி ஓடிவந்து தொடக் கூடாது என்றான். வாழ்நாளில் உப்பைத் தொடாதே என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அப்போதுதான் ரோஸ்லின் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, "வாங்க ஐயா, இப்படி முன்னாடி வந்து நில்லுங்க" என்றாள். பெற்ற அப்பனை ஐயா என்கிறாள், ரெக்ஸ். இதுதானா இவர்கள் இத்தனை நாளாகக் கற்றுக்கொடுத்தது, உப்பளத்துக்காரனை அப்பா என்று சொல்ல வெட்கப்படுவது, நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று, இன்றோடு முடித்துவிட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று இடி இடித்தது. சாதாரண இடி இல்லை, தலைக்கு மேலேயே. உனக்குத் தெரியாததா, உப்பு குவித்திருக்கும்போது இடி கேட்டால் கல்யாணப் பந்தியானாலும் எழுந்து, ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்துக் குவியலை மூட ஓடுகிறவர்கள் நாம். நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசையில் ஃபாதரையும் பிள்ளைகள் உங்களையும் விட்டுவிட்டுக் கோயிலே காலியானதே. நான் எதையும் யோசிக்கவில்லை. எதிரே உப்பு, பக்கத்தில் துணி, ஒரே இழுப்பில் அந்தத் துணியைக் கீழே இறக்கிவிட்டேன். இறக்கிக் குவியல் மேல் வீசினால் அந்தப் பக்கத்து மூலையை ஒருத்தி பிடித்து இழுக்கிறாள். ரோஸ்லின். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருக்கிறாள். "அப்பா, அந்தப் பக்கம் மிதிச்சிக்கோங்க, காத்து தூக்குதுப்பா!" என்று கத்துகிறாள், ஏசி காற்று. ஆளுக்கொரு பக்கம் இழுத்து மூடி, விளிம்பில் உப்பை அள்ளிப் போட்டு அழுத்தின பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தோம். மழையும் இல்லை ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த ஸ்பீக்கரில் வந்த இடியாம், அதுவும் மும்பைக்காரர் வைத்ததாம். ரோஸ்லினுக்கு அது தினமும் கேட்கிற சத்தம், அப்படியிருந்தும் நான் ஓடியதைப் பார்த்து ஓடிவந்திருக்கிறாள்.

கூட்டம் கை தட்டியது, நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வினோதினி மேடம் வந்தார், துணிக்கு என்ன சொல்வாரோ என்று நின்றால் அவர் கண் கலங்கியிருக்கிறது, நீங்கள் ரோஸ்லினோட அப்பாவா என்று கையைப் பிடித்துக்கொண்டார், அடுத்த சனிக்கிழமையும் வந்து இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார். "மழ வந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொருளைப் பாழாக்கினவனிடம் கோபப்படாதவர்களை எப்படி நம்புவது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள், "அப்பான்னு கூப்ட்டா அங்கயே வா வூட்டுக்குன்னு கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்பா." இழுத்துத்தான் போயிருப்பேன், பொய் சொல்வானேன்.

இன்று பூசை முடிந்து வந்ததிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். நீ ஷார்ஜாவுக்குப் போகும்போது அந்த ஏஜெண்டை நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. முகம் தெரியாத ஆளை நம்பி உன்னை அனுப்பினேன். இந்த மேடத்தை மட்டும் துருவித் துருவிப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு குற்றம் கிடைத்தால் போதும், ரோஸ்லினை நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் தேடியிருக்கிறேன். நீ போனபோது இவள் இருந்தாள், இவளும் போனால் யாரும் இல்லை. அவ்வளவுதான் விஷயம், உன்னிடம் சொல்வதற்கென்ன.

இப்படி எழுதிக்கொண்டிருந்தவன் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பின்பக்கத்தில் உன் அம்மா முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து, நம் தார்ப்பாயின் ஒரு மூலையில் மணல் நிரப்பிய சாக்கை வைத்துக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். ஜோசப்பின், இது எதற்கு என்று உன் அம்மாவைக் கேட்டேன். "அவ எடத்துல இனிமே இது நிக்கட்டும்" என்றாள், தலையைத் தூக்கவில்லை. ஊசியை வாங்கி மிச்சத்தை நானே தைத்து முடித்தேன்.

மேடம் வந்ததும் சரி என்று சொல்லிவிடப் போகிறேன். அதற்காக அப்பாவின் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, அந்த கேலரியைப் பற்றி இன்டர்நெட்டில் தேடி எனக்கு மட்டும் சொல், ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்றும் கேட்டு வை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே, வெள்ளிக்கிழமைப் பூசையை விட்டுவிடாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும், என் ஆசீரும் உன் அம்மாவின் முத்தங்களும் உனக்கு எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, வரும்போது சென்ட், சோப்பு எதுவும் வேண்டாம், கெட்டியான நைலான் கயிறு ஒரு கட்டு வாங்கி வா. தார்ப்பாயில் உன் மூலையில் இத்தனை வருஷமாக வெறும் கல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு
உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா,
ம. சேவியர்ராஜ்