பெயரில் ஒரு சாய்கோடு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே மழை. ஃபேரர் பார்க் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் போவதற்குள் செருப்பு நாசம்.

இன்று முதல் டீம் முழுவதற்கும் ஒரே சரிபார்ப்பு ஸ்கிரிப்ட். இதுவரை ஆளுக்கொன்று வைத்திருந்தோம். இனி பிரபா எழுதியது பொது ஃபோல்டரில். பதினொரு பேரில் யார் நிரலைக் கமிட் செய்தாலும், அதாவது தன் பெயரோடு பதிந்தாலும், அது தானே ஓடிச் சரிபார்க்கும். பிரபா எங்கள் டீம் லீட், சென்னைக்காரர், கெட்டிக்காரர். இல்லையென்று சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஓடியது. எனக்கு மட்டும் சிவப்பு எழுத்து. 'சுமதி டி' என்று ஒரு ஃபோல்டர் இல்லையாம். டி! வீட்டில்கூட யாரும் என்னை டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

காரணம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. கமிட் செய்பவர் பெயரில் ஸ்கிரிப்ட் ஒரு ஃபைல் திறக்கிறது. என் பெயர் சுமதி டி/ஓ வேலாயுதம். டாட்டர் ஆஃப், வேலாயுதத்தின் மகள்; இந்த ஊர் வழக்கம். அடையாள அட்டை, பாஸ்போர்ட், பட்டம், எல்லாவற்றிலும் அப்படித்தான். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஃபோல்டர் பெயர் என்று நினைத்துக்கொள்கிறது கம்ப்யூட்டர்.

பிரபாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "அதை எடுத்துடுங்களேன். வெறும் சுமதின்னு வச்சுக்கோங்க. ரெண்டு செகண்ட் வேலை." வெள்ளிக்கிழமைக்குள் புது ஸ்கிரிப்டுக்கு மாறாதவர்களின் வேலை உள்ளே போகாதாம்.

அவர் பெயர் எம். பிரபாகர். அவர் அப்பா ஓர் எழுத்தாகி, புள்ளி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் அப்பா மட்டும் வெளியே நிற்கணுமா? முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்க வேண்டியது: முருங்கைக்காய், சார்ஜர், அம்மாவுக்குத் தைலம்.

பக்கத்து மேசை வெய் லிங், சரிபார்ப்பைத் தாண்டிப் போக ஒரு வழி காட்டினாள். யாருக்கும் தெரியாது லா என்று இழுத்தாள். தெரியாமல் போக நான் என்ன திருடியா?

சாயங்காலம் பூன் லேயில் அப்பா வீடு. சொல்லியிருக்கவே கூடாது. "விடும்மா. எம் பேரு இல்லாட்டி நான் என்ன செத்தா போயிடுவேன்? வேலையைக் கெடுத்துக்காத." கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க விட்டுக் கொடுத்ததெல்லாம் போதும்பா." டிவியைச் சத்தமாக வைத்துவிட்டார். மனசுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 9, புதன்

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். நாலே வரி. ஃபைல் பெயரில் மட்டும் சாய்கோடு சிறுகோடாகும். கமிட்டில் முழுப் பெயர் அப்படியே. என் லேப்டாப்பில் ஓடியது. டீம் முழுவதற்கும் அனுப்பினேன், ஒளிவுமறைவில்லாமல்.

பேன்ட்ரியில் பிரபா: "ஒரு ஆளுக்காக எல்லாரோட ஸ்கிரிப்டையும் மாத்தணுமா?"

"ஒரு ஸ்கிரிப்டுக்காக ஒரு ஆள் பேரை மாத்தலாமா?"

நாலு பேர் முன்னால். அவர் டீ கப்போடு போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன்

இரண்டு பேர் ஒப்புதல் தந்தால் எந்த மாற்றமும் உள்ளே போகலாம். பிரபாவே போட்ட விதி. வெய் லிங் காலையிலேயே தந்துவிட்டாள். இன்னொன்று? மதியம் வரை ஒருவருமில்லை. மீன் குழம்பைப் பாதியில் மூடிவைத்தேன்.

மூன்றரைக்கு டெஸ்டர் நசீர் தந்தார். அப்புறம் என் மேசைக்கு வந்து, "எங்க வாப்பா பேரையும் பாதியில வெட்டிருவாங்க. ஃபார்ம்ல எடம் பத்தலையாம்." அவ்வளவுதான், போய்விட்டார். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மாற்றத்தை உள்ளே போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். பதினொரு லேப்டாப்பிலும் என் திருத்தம் இறங்கிவிட்டது. யாருக்கும் எதுவும் உடையவில்லை.

பத்து மணி மீட்டிங். பிரபா திரையில் கமிட் பட்டியலைப் போட்டார். மேனேஜர் அம்மா கேட்டார்: ஸ்கிரிப்ட் எல்லோருக்கும் ஓடுகிறதா, யார் முடித்தது?

"டீம்தான்" என்றார் பிரபா.

"திரையிலயே பேர் இருக்கே, பிரபா. முழுசாப் படிங்க" என்றேன் நான்.

படித்தார். டி/ஓவையும் விடாமல், வேலாயுதம் வரைக்கும்.