தேனீக்களிடம் சொன்னது

ஹெரிஃபோர்ட்
9 மே 1953

அன்பு மேபல் அக்காவுக்கு,

இருமல் இன்னும் விடவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் வழக்கம்போல என்னை வெளியே உட்காரவைத்து, என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த செட்ரிக், "ரத்தம் கம்மியாம். டானிக் குடிச்சா சரியாயிடுமாம்" என்றார்.

அன்றிலிருந்து மனுஷர் வாய்க்குள்ளேயே பேசுகிறார். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல, டீயைக் குடி" என்கிறார். சாயங்காலமானால் தோட்டத்துக் கோடியில் தேனீப் பெட்டிகளின் முன்னால் குந்திக்கொள்கிறார். வீட்டில் கல்யாணமோ சாவோ என்றால் தேனீக்களிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு பறந்துவிடும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் நம்புவதுதான். ஆனால் இப்போது என்ன விசேஷம்? இன்னொருத்தி இருக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. சிரிக்காதே.

உன் வின்னி

பிரிஸ்டல்
14 மே

வின்னிக் கண்ணு,

செட்ரிக்குக்கு இன்னொருத்தியா? அவர் போட்டுக்கொண்டு திரியும் அந்தத் தொப்பியைப் பார்த்த பிறகு எவள் வருவாள்!

டீச்சர் சொல்கிறேன், கேள். தெளிவில்லாத பேச்சிலும் மூன்று ரகம் உண்டு, மூன்றுக்கும் இங்கிலீஷில் தனித்தனி வார்த்தை. மனத்தாங்கலைப் பல்லுக்குள் கடித்துப் பேசினால் மட்டர். வார்த்தையை வாய்க்குள் விழுங்கினால் மம்பிள். தாழ்ந்த குரலில் இதமாகப் பேசினால் மர்மர். மூன்றையும் குழப்பி என் வகுப்புப் பிள்ளைகள் உயிரை எடுக்கும். உன் வீட்டுக்காரருடையது வெறும் மட்டர்தான், வயதானால் எல்லா ஆண்களுக்கும் வருவது. டானிக்கைக் குடி. பெட்டிப் பக்கம் போகாதே, கொட்டிவிடும். வேறென்ன எழுத, எல்லாம் சரியாகிவிடும்.

மேபல்

ஹெரிஃபோர்ட்
20 மே

அக்காவுக்கு,

நீ எழுதியதை மனதில் வைத்துக் கவனித்தேன். அவரிடம் கோபமே இல்லை. என்னிடம் விழுங்குகிறார், தேனீக்களிடம் இதமாகப் பேசுகிறார். அந்தக் குரலைக் கல்யாணமான புதிதில் கேட்டதுதான். பயம் தாங்காமல் நேற்று வேலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"கண்ணுங்களா, உங்கம்மா வின்னிக்கு நுரையீரல்ல கட்டியாம். கிறிஸ்துமஸ் தாண்டுறது சந்தேகம்ங்கிறாரு டாக்டரு. அவகிட்ட மூச்சு விடக் கூடாதாம். மேபலுக்கு மட்டும் எழுதிட்டேன். நீங்களும் என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

இன்னொருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா?

திரும்பி வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தேன். உள்ளே வந்தவர், "என்ன, மூஞ்சி வெளுத்திருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல, டீயைக் குடிங்க" என்றேன்.

ஆக, என்னைப் பெட்டிப் பக்கம் போகாதே என்றாயே, இது என் காதில் விழக் கூடாது என்றுதானா? மூன்று ரகத்தையும் விளக்கிவிட்டு நீயும் விழுங்கத்தானே செய்தாய்?

சாவுக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று விழுங்கிக்கொண்டிருக்க, நடுவில் நான் தனியாகப் போவேனோ என்பது அதைவிடப் பயம். புறப்பட்டு வா. என் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து ஒரு தடவை சொல். பிறகு அவரையும் சொல்லவைப்போம்.

இன்று காலை அவர் கடைக்குப் போனதும் நானும் பெட்டிகளிடம் போனேன். நான் போன பிறகு அவரோடு இருங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றுகூடக் கொட்டவில்லை.

வின்னி